தேம்ஸ் கழிமுகத்தின் மணல்திட்டுகளைக் குறுக்காகக் கடக்க எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது?

கேள்வி (வடக்குமுகம்)

கழிமுகத்தின் தெற்கே உள்ள ராம்ஸ்கேட்டிலிருந்து வடக்கே உள்ள பிளாக்வாட்டர் ஆற்றுக்கு ஒரே பகலில் பாய்விரித்துச் செல்லத் திட்டமிட்டு வருகிறேன். படகின் கீல் நீருக்குள் 1.8 மீட்டர் இறங்கும். சராசரி வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்). லாங் சாண்ட் திட்டை ஃபோல்ஜர்ஸ் கேட் வழியாகக் கடந்து பிளாக் டீப்பில் இறங்கி, தென்மேற்கு சங்க் அருகே சங்க் திட்டைத் தாண்டி, பாரோ டீப் வழியாக ஸ்பிட்வே என்ற ஆழம் குறைந்த குறுக்குவழியை அடைந்து, அதன் மறுபுறமுள்ள வாலெட் வாய்க்காலுக்குள் நுழைவது என் எண்ணம். சங்க்கிலிருந்து ஸ்பிட்வேக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

ஸ்பிட்வேதான் கடைசித் தடை என்பதால், அங்கே ஏற்றம் பாதியளவு வந்திருக்கும் நேரத்தைப் பிடித்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நேரத்தை முடிவு செய்தேன். ஷீர்நெஸ் துறைமுகத்தின் ஓத (கடல் ஏற்ற, வற்ற) அட்டவணைப்படி பாதி ஏற்றத்தில் நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டுகிறது. சங்க், ஸ்பிட்வே இரண்டிலும் வரைபட ஆழம் (மிகத் தாழ்ந்த வற்றத்திலும் எஞ்சும் ஆழம்) 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், மொத்த ஆழம் 4 மீட்டருக்கு மேல் கிடைக்கிறது. ஆனால் என்னிடமுள்ள மின்வரைபடமும் அச்சு வரைபடமும் சங்க் திட்டின் விளிம்பை ஒரே இடத்தில் காட்டவில்லை. எதை நம்புவது?

மறுமொழி 1 (ஆழமானி)

வரைபடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும். ஷீர்நெஸ் கழிமுகத்தின் உட்புறத்தில் இருப்பதால் அங்கே நீர் அதிகமாக உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அங்கே 5 மீட்டர் வேறுபாடு உண்டு. நீங்கள் கடக்கப்போகும் திட்டுகள் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வால்டன்-ஆன்-த-நேஸ் அட்டவணையே நெருக்கமானது. அங்கே பெரிய ஓதத்தில் தாழ்நீர் 0.4 மீட்டர், உயர்நீர் 4.2 மீட்டர், அஷ்டமியை ஒட்டிய சிறிய ஓதத்தில் 1.1 மீட்டரும் 3.4 மீட்டரும். கூட்டிப் பாதியாக்கினால் இரண்டிலும் ஏறத்தாழ 2.3 மீட்டர்தான் வருகிறது. நீங்கள் கையில் இருப்பதாக நினைத்த நீரில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் அங்கே குறைகிறது. வால்டனில் உயர்நீரும் ஷீர்நெஸ்ஸைவிட ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும்.

கீலுக்கு 1.8 மீட்டர், அலைப்பள்ளத்துக்கு அரை மீட்டர், அளவீடு எடுத்தபின் மணல் நகர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு இன்னொரு அரை மீட்டர் என்று வைத்தால், 2.8 மீட்டர் ஆழம் தேவை. வரைபட ஆழம் 1 மீட்டர் என்றால், ஓதம் 1.8 மீட்டர் எழும்பியிருக்க வேண்டும். ஓதம் ஆறு மணி நேரத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்குகளாக ஏறும் என்ற பழைய விதிப்படி, பெரிய ஓதத்தில் தாழ்நீருக்குப் பின் சுமார் இரண்டரை மணி நேரத்திலும், சிறிய ஓதத்தில் இரண்டேகால் மணி நேரத்திலும் இந்த மட்டம் வந்துவிடும்.

இந்த நேரம் எந்தத் தடைக்குரியது என்பதே முக்கியம். நீங்கள் அதை ஸ்பிட்வேக்குப் பொருத்தினால், இரண்டு மணி நேரம் முன்னதாக, நீர் ஏறத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில், சங்க் திட்டின் மேல் நிற்பீர்கள். ஆகவே முதலில் வரும் தடையைக் கொண்டே நேரத்தைக் குறியுங்கள். தாழ்நீருக்குப் பின் இரண்டரை மணி நேரத்தில் சங்க்கைக் கடந்தால், ஸ்பிட்வே நாலரை மணி நேரத்தில் வரும். அப்போதும் நீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஏறும் நீரில் தரை தட்டினால் சற்று நேரத்தில் மிதந்துவிடலாம், வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை படகு சாய்ந்து கிடக்கும். பெரிய ஓதத்தின் உச்சியை ஒட்டி வற்றும்போது தட்டிவிட்டால், அடுத்த ஏற்றமும் அந்த உயரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது.

சங்க்கை அடைய ஒரு மணி நேரம் தாமதமானாலும் திட்டம் நிற்கும். இரண்டு மணி நேரம் தாமதமானால் ஸ்பிட்வேயை அடையும்போது நீர் வற்றத் தொடங்கியிருக்கும். அப்போது ஸ்பிட்வேயை ஒட்டியுள்ள கன்ஃப்ளீட் திட்டின் வடகிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு வாலெட்டுக்குள் வருவது நல்லது. அந்த முடிவை எடுக்க வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (பழைய மிதவை)

இரண்டு வரைபடங்களில் எது சரி என்ற கேள்விக்கு, எது பின்னால் அளக்கப்பட்டது என்று பார்ப்பதைத் தவிர வேறு விடை இல்லை. அச்சு வரைபடத்தின் ஓரத்தில் எந்தப் பகுதி எந்த ஆண்டில் அளக்கப்பட்டது என்று காட்டும் சிறு கட்டம் இருக்கும். மின்வரைபடத்தில் தரவின் நம்பகத்தன்மையைக் குறிக்கும் அடுக்கைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும், பலர் திறப்பதே இல்லை. திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அளவீட்டின் துல்லியம் கூடிவிடாது. வாராந்திர மாலுமி அறிவிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். மணல் நகர்ந்தால், வழிகாட்டும் மிதவைகளைப் பராமரிக்கும் ட்ரினிட்டி ஹவுஸ் அமைப்பு அவற்றை இடம் மாற்றும். கண்ணெதிரே இருக்கும் மிதவை வரைபடத்திலுள்ள இடத்தில் இல்லை என்றால், பெரும்பாலும் பழையது உங்கள் வரைபடம்தான். எடின்பரோ வாய்க்கால்கள் ஒரு காலத்தில் கப்பல்கள் போன பாதைகள்; மணல் அடைத்ததால் அந்தப் போக்குவரத்து, லாங் சாண்ட் திட்டைக் கடக்கும் இன்னொரு வாய்க்காலான ஃபிஷர்மன்ஸ் கேட்டுக்கு மாறிவிட்டது.

ஃபோல்ஜர்ஸ் கேட்டை விட்டுவிட்டு ஃபிஷர்மன்ஸ் கேட் வழியாகவே செல்லுமாறு சொல்வேன். முன்னது லண்டன் அரே காற்றாலைகளின் ஊடாகச் செல்கிறது. 175 காற்றாலைகளுக்கு நடுவே போக அனுமதி உண்டு, அதில் தவறில்லை. ஆனால் ஆழம் குறைந்த மூன்றாவது இடத்தை உங்கள் கணக்கில் வலியச் சேர்க்க வேண்டியதில்லை. ஃபிஷர்மன்ஸ் கேட்டில் பெரிய கப்பல்களுக்கு ஒதுங்கி, பாதையின் ஓரமாகப் போனால் போதும்.

அட்டவணை தருவது கணிப்பை மட்டுமே. காற்றழுத்தம் சராசரியைவிட 1 மில்லிபார் கூடினால் கடல் மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தாழும். 1033 மில்லிபார் காட்டும் இனிமையான கோடை நாளில் 20 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும். நீடித்த தென்மேற்குக் காற்று அதற்கு மேலும் இறக்கும். கணிப்பைவிட 1 மீட்டருக்கு மேல் மட்டம் தாழும் என்று எதிர்பார்க்கப்பட்டால் கடலோரக் காவல் படை வானொலியில் எச்சரிக்கும். அரை மீட்டர் தாழ்வுக்கு எச்சரிக்கை வராது, உங்கள் கீலுக்கோ அந்த அரை மீட்டரே போதும்.

மறுமொழி 3 (கீழ்க்காற்று)

மேலே சொன்னவை அனைத்தும் சரி, ஆனால் ஏறும் நீரில் கடப்பதற்கு ஒரு விலை உண்டு. இந்தக் கழிமுகத்தில் ஏற்ற நீரோட்டம் தென்மேற்காக உள்ளே பாய்கிறது. காற்றும் தென்மேற்கிலிருந்து வீசினால் இரண்டும் எதிரெதிராக மோதி, வாய்க்கால்களில் செங்குத்தான குட்டை அலைகள் எழும். அன்று அலைப்பள்ளத்துக்கு அரை மீட்டர் ஒதுக்கினால் போதாது, 1 மீட்டர் வேண்டும். அப்படியானால் சங்க்கைக் கடக்கும் நேரமும் தாழ்நீருக்குப் பின் மூன்று மணி நேரத்தை நோக்கித் தள்ளிப்போகும். காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் 5 விசைக்கு மேல் இருந்தால் நான் குறுக்குவழிகளையே எடுப்பதில்லை.

ஸ்பிட்வேயில் இன்னொன்றையும் கவனியுங்கள். இரு முனைகளிலும் உள்ள ‘பாதுகாப்பான நீர்’ மிதவைகளுக்கு (சுற்றிலும் போதிய ஆழம் உண்டு என்று காட்டுபவை) இடையே சுமார் 1 கடல் மைல்தான் இருக்கிறது, ஆனால் நீரோட்டம் உங்கள் பாதைக்குக் குறுக்காக ஓடும். முன்னாலுள்ள மிதவையை மட்டும் பார்த்துக்கொண்டு போனால், படகு வளைவாக ஒதுங்கித் திட்டின் மேல் போய்விடும். பின்னால் விட்டுவந்த மிதவையையும் அடிக்கடி திரும்பிப் பார்த்து, இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி செலுத்துங்கள்.

கேள்வி கேட்டவர் (வடக்குமுகம்)

மூவருக்கும் நன்றி. வால்டன் அட்டவணையை வைத்து மீண்டும் கணக்கிட்டேன். ஃபிஷர்மன்ஸ் கேட் வழி; தாழ்நீருக்குப் பின் இரண்டேமுக்கால் மணி நேரத்தில் சங்க்; மூன்றரை மணி நேரத்துக்குள் அங்கே சேரவில்லை என்றால் சங்க் திட்டையும் கன்ஃப்ளீட்டையும் சுற்றிக்கொள்வது. இதற்குச் சிறிய ஓத நாள் நல்லதா, பெரிய ஓத நாளா?

மறுமொழி 4 (ஆழமானி)

உங்கள் நேரத்தில் இரண்டிலும் ஆழம் ஏறத்தாழ ஒன்றுதான். நான் சிறிய ஓதத்தையே தேர்வேன். நீரோட்டம் மெதுவாக இருக்கும், தாழ்நீரிலும் 1.1 மீட்டர் மிஞ்சும். பெரிய ஓத நாட்களில் அங்கே உயர்நீர் நண்பகலை ஒட்டியே வருவதால், நீங்கள் நள்ளிரவுக்குப் பிறகு இருட்டிலேயே புறப்பட வேண்டியிருக்கும். சிறிய ஓத நாட்களில் தாழ்நீரே நண்பகலை ஒட்டி அமையும்; காலையில் கிளம்பிப் பிற்பகலில் திட்டுகளைக் கடந்து, கோடை வெளிச்சம் மறையும் முன் நங்கூரம் போட்டுவிடலாம்.