பிளஸ் 6.50, வயது 31: ஐசிஎல் லென்ஸ் 20 வருடம் தாங்குமா?

குழித்துறைக்காரன்
தங்கைக்கு இரண்டு கண்ணிலும் பிளஸ் 6.50 (தூரப்பார்வைக் குறைபாடு, கிட்டத்தில் தெளிவில்லை), சிலிண்டர் பவர் (கோணல் பார்வைக்கானது) இல்லை. கண்ணின் நீளம் 21.1 மி.மீ., ஏசிடி (கார்னியாவுக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலான ஆழம்) 3.30 மி.மீ., கார்னியா (கருவிழியின் முன்பக்கத் தெளிவான படலம்) தடிமன் 0.54 மி.மீ., அதன் உள்பக்கத்திலுள்ள எண்டோதீலியம் செல் சதுர மி.மீ.க்கு 2650. திருவனந்தபுரத்தில் ஒரு இடத்தில் ஐசிஎல் (இயற்கை லென்ஸை எடுக்காமல் அதன் முன்னால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்) வைக்கலாம் என்கிறார்கள். நாகர்கோவிலில் ஒரு இடத்தில் கண்ணுக்குள் இடம் போதாது, வேண்டாம் என்கிறார்கள். விடியற்காலை ரப்பர் பால்வெட்டு அவள் வேலை. யார் சொல்வதைக் கேட்பது? வைத்தால் பின்னாளில் என்ன ஆகும்?

கண்ணளவு
இந்த 3.30-ல்தான் சிக்கல் இருக்கிறது. பல மெஷின்கள் கார்னியாவின் வெளிப்பக்கத்திலிருந்து அளக்கும். ஐசிஎல்லுக்கு வேண்டியது உள்பக்கத்திலிருந்து, அதாவது எண்டோதீலியத்திலிருந்து, இயற்கை லென்ஸ் வரை உள்ள இடைவெளி. அப்படியானால் 3.30-ல் 0.54 போக 2.76 மி.மீ.தான் மிஞ்சும். தூரப்பார்வைக்கு வைக்கிற ஐசிஎல்லுக்குக் குறைந்தது 3.0 வேண்டும். எந்த மெஷினில், எங்கிருந்து அளந்தார்கள் என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். 2.76 உறுதியானால் நாகர்கோவில்காரர்கள் சொன்னதுதான் சரி.

பவரையும் சைக்ளோபென்டோலேட் சொட்டு (கண் ஃபோகஸ் செய்வதைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்து) விட்டுப் பார்த்தார்களா? இந்த வயதில் கண் தானாகவே கொஞ்சம் பிளஸ்ஸை மறைத்து வைத்திருக்கும். சொட்டில்லாமல் எடுத்த அளவுக்கு லென்ஸ் வைத்தால் சில வருடத்தில் மிச்சப் பவர் வெளியே வந்துவிடும்.

விழித்திரை
இடம் போதுமான கண் என்றே வைத்துக்கொள்வோம். கிட்டப்பார்வை ஐசிஎல்லில் நடுவில் துளை உண்டு, கண்ணுக்குள் சுரக்கும் நீர் அதன் வழியே ஓடும். தூரப்பார்வை லென்ஸில் அது கிடையாது. அதனால் ஐரிஸில் (பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரை) யாக் லேசரால் முன்கூட்டியே இரண்டு ஓட்டை போட வேண்டும். அவை அடைபட்டால் கண் அழுத்தம் ஏறும். ஆபரேஷன் முடிந்த இரவே கண்வலியோடு தலைவலி, வாந்தி வந்தால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே காட்ட வேண்டும்.

நாள்பட வருவது வேறு. இயற்கை லென்ஸ் ஆண்டுக்குச் சுமார் 0.02 மி.மீ. தடிக்கும், 20 வருடத்தில் 0.4. குட்டையான கண்ணில் அதுவே பெரிய இடம். ஐசிஎல்லுக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவிலுள்ள வால்ட் 250 மைக்ரானுக்குக் கீழே போனால் முன்பக்கப் புரை வர வாய்ப்பு கூடும். 1000-ஐத் தாண்டினால் ஐரிஸை முன்னே தள்ளி, கண்ணுக்குள் நீர் வெளியேறும் கோணத்தை அடைக்கும்.

எண்டோதீலியம் செல் கணக்கையும் பாருங்கள். சாதாரணமாக வருடத்துக்கு 0.6 சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் 2650, 20 வருடத்தில் சுமார் 2350 ஆகும். அதுவே வருடம் 2 சதவீதமாக இறங்கினால் 1770-க்கு வந்துவிடும். பிறகு புரை ஆபரேஷனுக்குக் கையிருப்பு குறைவு. அதனால் வருடம் ஒருமுறை ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பி (செல்லை எண்ணும் சோதனை), வால்ட், கண் அழுத்தம், கோனியோஸ்கோப்பி (கோணத்தைப் பார்க்கும் சோதனை) எல்லாம் பார்த்தே ஆக வேண்டும். வர முடியாதவருக்கு இந்த லென்ஸ் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மார்த்தாண்டம் ஆப்டிகல்
இயற்கை லென்ஸையே எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 31 வயதில் வேண்டாம். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் திறன் அன்றோடு போய்விடும். 45-க்கு மேல் அதே ஆபரேஷன் குட்டையான கண்ணுக்கு நல்லது, கோணமும் விரியும். அப்போதும் பவர் கணக்கு தவறுவது இந்த மாதிரிக் கண்ணில்தான் அதிகம். பாரெட், ஹோஃபர் கியூ என லென்ஸ் பவர் கணக்கிடும் இரண்டு ஃபார்முலாவிலாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பால்வெட்டு இருட்டில் நடக்கிற வேலை. கண் பாப்பா (நடுவிலுள்ள கரும்புள்ளி) நன்றாக விரிந்திருக்கும்போது தலைவிளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். ஐசிஎல் வைத்தாலும் அது உண்டு. இருட்டில் பாப்பா எத்தனை மி.மீ. என்று அளக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்குக் கான்டாக்ட் லென்ஸ் போதும். கண்ணாடியில் 6.50 என்றால் கண்ணோடு ஒட்டியிருக்கிற லென்ஸில் 7.00 வரும், கடையில் 6.50-யே கொடுத்தால் வாங்க வேண்டாம். ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் கலக்கும் நேரத்தில் மட்டும் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். துளி தெறித்தால் லென்ஸுக்கு அடியில் ஆசிட் தேங்கலாம்.