பிள்ளையின் இனம் 'தமிழர்-சீனர்': வரிசை மாறினால் என்ன ஆகும்? (சிங்கப்பூர்)

செங்காங்வாசி:
என் அடையாள அட்டையில் 'தமிழர்', மனைவியின் அட்டையில் 'சீனர்'. அடுத்த மாதம் குழந்தை பிறக்கிறது. பிறப்புப் பதிவில் இரட்டை இனம் போடலாம் என்றிருக்கிறோம். எதை முன்னால் போடுவது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பள்ளி, இதிலெல்லாம் வித்தியாசம் வருமா? 'தமிழர்' என்பதற்குப் பதில் 'இந்தியர்' என்று போட்டால் நல்லதா? பின்னால் மாற்ற வழி உண்டா?

படிவக்காரர்:
இரட்டை இனப் பதிவு 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடுவில் சிறு கோடு, மொத்தம் இரண்டே பெயர். தாயோ தந்தையோ ஏற்கெனவே இரட்டை இனத்தவராக இருந்தால் ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். இனத்தை 21 வயதுக்கு முன் ஒருமுறை, அதன்பின் ஒருமுறை மாற்றலாம். சத்தியப் பிரமாணம் தேவை. முதல் வாய்ப்பை நீங்கள் பயன்படுத்திவிட்டாலும் இரண்டாவது பிள்ளையின் கையில் இருக்கும். அதனால் பயம் வேண்டாம். ஆனால் பிரசவ அவசரத்தில் யோசிக்காமல் நிரப்பாதீர்கள்.

மறுவிற்பனை_விவரம்:
வீவக வீட்டுக்கான இன வரம்புக் கணக்கில் முன்னால் இருக்கும் பெயர்தான் செல்லும். ஆனால் பிள்ளையின் இனம் உங்கள் வீட்டைத் தொடாது. அவர் வளர்ந்து சொந்தமாக வாங்கும்போதுதான் அது கணக்கில் வரும். இப்போது நீங்கள் வாங்குவதாக இருந்தால் பார்க்கவேண்டியது உங்கள் இருவரின் இனம். கலப்புத் தம்பதியர் இருவரில் ஒருவரின் இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் விற்கும்போதும் அதே இனம்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தின் பங்குக்கும் உச்சவரம்பு வைக்க 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி 'இந்தியர், இதர இனத்தவர்' பிரிவுக்கு வரம்பு பேட்டையில் (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரம்) 12%, புளோக்கில் (ஒரு கட்டடம்) 15%. சீனருக்கு 84%, 87%. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் அங்கே இந்தியர் பெயரில் இருக்கும் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் ஆக அதிகமாக வாங்குபவர்கள் அவர்கள்தான். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்கும். இது சிறுபான்மையினர் தலையில் விழும் உண்மையான பண இழப்பு என்பது என் கருத்து. தங்கள் பிழையில்லாமல் மாட்டிக்கொள்ளும் உரிமையாளரின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் அறிவிக்கப்பட்டது, ஆனால் அது கடைசி வழி. வரம்பு நிலவரம் மாதந்தோறும் மாறும். முன்பணம் கொடுக்குமுன் அந்த மாத நிலவரத்தைப் பாருங்கள்.

'தமிழர்' என்றாலும் 'இந்தியர்' என்றாலும் வரம்புக் கணக்கில் ஒரே பெட்டிதான்.

கீழைக்காற்று:
ஒரே பெட்டி என்பதற்காக 'இந்தியர்' என்று போட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்தியர்' என்றால் பஞ்சாபியரும் வங்காளிகளும் சிங்களவரும்கூட அடக்கம். தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. ஆனால் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010ல் 3.3%, 2020ல் 2.5%. இந்த நிலையில் 'தமிழர்' என்ற சொல் ஓர் ஆவணத்திலாவது நிற்கட்டும்.

இனம் என்றால் என்ன என்பதில் சட்டமே ஒரே மாதிரி பேசவில்லை. மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட 2017 அதிபர் தேர்தலில், அதில் அதிபரான ஹலிமா யாக்கோபின் தந்தை இந்திய முஸ்லிம் வழியினர் என்பது பெரிய விவாதமானது. அரசமைப்புச் சட்டம் அங்கே ரத்தத்தைக் கேட்கவில்லை: தன்னை அந்தச் சமூகத்தவராகக் கருதுகிறாரா, சமூகம் பொதுவாக அவரை ஏற்கிறதா, அவ்வளவுதான். நாடாளுமன்றத் தேர்தலில் பலர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதியின் சிறுபான்மை வேட்பாளருக்கும் இதே அளவுகோல். வீடு வாங்கும்போது மட்டும் அட்டையில் முன்னால் நிற்கும் பெயர் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இந்த முரண்பாடு சரியில்லை. சமூகம் ஏற்பதுதான் அளவுகோல் என்றால் இரண்டு பெயருக்கும் சம மதிப்பு வேண்டும்.

வகுப்பறை:
பள்ளிக்கு வரிசை அவ்வளவு முக்கியமில்லை. கலப்பினப் பிள்ளை இரண்டு தாய்மொழிகளில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். தொடக்கநிலை 1 (முதல் வகுப்பு) பதிவின்போது சொல்லவேண்டும். பலர் தவறவிடுவது வேறு: எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு கிடையாது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அலுவலகத்தை அழைத்து, தமிழ் அங்கேயே நடக்கிறதா, இல்லை வேறிடத்துக்குப் போகவேண்டுமா என்று கேளுங்கள். பள்ளி முடிந்து பேருந்தேறி இன்னோர் இடத்துக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு ஆர்வம் சீக்கிரம் குறைந்துவிடும்.

செங்காங்வாசி:
நன்றி. 'தமிழர்-சீனர்' என்றே போடுகிறோம், மனைவிக்கும் சம்மதம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்த வாரமே தொலைபேசியில் கேட்கிறேன்.