பயறுக் காயில் ஏறுவது எறும்புதானா?

கேள்வி: வேர்க்கிளம்பிக்காரி

வீட்டுக்குப் பின்னால் ரப்பர் வெட்டிய இடத்தில், ஓணம் கழிந்ததும் 14 குழி போட்டு வள்ளிப்பயறு நட்டேன். கமுகு வாரியில் பந்தல். கொடி நன்றாக ஏறியது, முதல் இரண்டு பறிப்பில் துவரனுக்குப் போதுமான காய் கிடைத்தது. இப்போது பத்து நாளாக எல்லாம் கெட்டுக் கிடக்கிறது. கொழுந்துத் தண்டில் கரி பூசினது போலப் பொடிப்பூச்சி. காய் சூம்பி வளைகிறது, அதன்மேல் கறுத்த எறும்பு ஊர்கிறது. சில பூங்கொத்து நூலால் கட்டினது போல ஒட்டியிருக்கிறது. எறும்புதான் காயில் நீரை உறிஞ்சுகிறது என்று மாமி சொல்கிறார்கள். தூரில் மஞ்சள்பொடி போட்டேன், எறும்புப் பொடியும் ஒரு பாக்கெட் தீர்ந்தது. எறும்பு குறையவில்லை. சனிக்கிழமை பறித்தது 11 காய், அதில் 4 வளைந்தது. சாப்பிடுகிற சாதனம், விஷம் அடிக்க மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தோவாளைப் பெரியவர்

மகளே, எறும்பின் மேல் பழி போடும் முன் ஒரு காயைப் பறிக்காமல் குனிந்து பார். போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தாலும் சரி. எறும்புக்கு மீசை முழங்கை போல மடிந்திருக்கும். மடியாமல் நீளமாக இருந்தால் அது எறும்பே இல்லை, காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியின் குஞ்சு. பார்க்க அச்சு அசல் எறும்புதான். ஆனால் எறும்பு வரிசையாகப் போகும், இது தனியாகக் காயில் ஒட்டி நிற்கும், வயிற்றுக்கடியில் ஊசி போன்ற வாய் மடிந்திருக்கும். வளர்ந்தால் தவிட்டு நிறம், பின்னங்கால் தடித்திருக்கும், தொட்டால் குளவி போலப் பறக்கும். காய் சூம்புவது இதனால்தான்.

கொழுந்தில் இருப்பது அசுவினி. அங்கே ஊர்வது நிஜ எறும்பு, அசுவினி விடும் தேன் போன்ற கழிவுக்காக வருகிறது. அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டியும் விடும். ஆக உன் கொடியில் இரண்டு வகை எறும்பு, ஒன்று போலி.

பூ ஒட்டிக் கிடப்பது காய்த்துளைப்பான் புழு. உள்ளே பிரித்துப் பார், வெளிறிய உடம்பில் கறுப்புப் புள்ளியோடு கிடக்கும். அந்தக் கொத்தோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடு. கிள்ளித் தரையில் போட்டால் பயனில்லை.

பதில்: நாகர்கோவில் மாடித்தோட்டம்

அக்கா, அசுவினிக்கு நான் செய்வது: 20 கிராம் பூண்டை அரைத்து வடிகட்டிய சாறு, 20 மில்லி வேப்பெண்ணெய், 5 கிராம் பார் சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். சோப்பை முதலில் வெந்நீரில் கரைத்து, எண்ணெயை அதில் அடித்துக் கலக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வாரம் ஒருமுறை. இந்த ஐப்பசி மழையில் அடித்த அன்றே மழை பெய்தால் திரும்ப அடிக்கத்தான் வேண்டும். சாம்பலும் பனி ஈரத்தில் ஒட்டும், ஆனால் மழையில் நிற்காது.

கடலைப்பிண்ணாக்கு, யூரியா ஏதாவது நிறைய வைத்தீர்களா? கொழுந்து கொழுகொழுவென்று வந்தால் அசுவினிக்கு விருந்துதான். பயறு தன் வேர்முடிச்சில் நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும்.

பதில்: ரப்பர்க்காட்டான்

எதுக்கு இத்தனை பாடு? பூச்சிமருந்துக் கடையில் ஒரு குப்பி வாங்கி அடித்தால் மறுநாளே காலி.

பதில்: தோவாளைப் பெரியவர்

காலி ஆகும் தம்பி, அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து காலியாகும். இது இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பறிக்கிற காய். மருந்து அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று குப்பியில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளைக் கடைப்பிடிக்க முடியுமா? சந்தேகம் தீரவில்லை என்றால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு காயையும் கொழுந்தையும் கவரில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். வாய்ச்சொல்லை விடப் பூச்சியைக் காட்டுவது நல்லது.

பதில்: வேர்க்கிளம்பிக்காரி

பெரியவர் சொன்னது சரி. போனில் எடுத்துப் பார்த்தேன், காயில் இருந்தவற்றுக்கு மீசை மடியவில்லை! விடியற்காலையில் அவை மந்தமாக இருந்தன, சோப்புத் தண்ணீர் வைத்த சருவத்தைக் கீழே பிடித்துக் காயைத் தட்டினேன். 30க்கு மேல் விழுந்தது. ஒட்டிய பூ 9 கொத்து கிள்ளியாயிற்று, வேப்பெண்ணெய் இன்று மாலை. பிண்ணாக்கு வைத்தது உண்மைதான், தூருக்கு ஒரு கை வீதம்.

ஒரு சந்தேகம். கொழுந்தில் குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஒன்று அசுவினிக் கூட்டத்தில் நடக்கிறது. போன வாரம் ஆறை நசுக்கிவிட்டேன்.

பதில்: தோவாளைப் பெரியவர்

அய்யோ மகளே, அதுதான் பொறிவண்டின் குஞ்சு!