‘காக்னேட்’டுக்குப் பங்காளிச்சொல்?

வணக்கம்.

வெவ்வேறு மொழிகளில் இருந்தாலும் ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்த சொற்களை ஆங்கிலத்தில் காக்னேட் (cognate) என்கிறோம்; அதற்குத் தமிழில் ‘ஒருவேர்ச்சொல்’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் போதவில்லை. ஏன் என்று ஒரே வினைச்சொல்லை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

இலத்தீனில் ப்ளிகாரே என்றால் மடித்தல். இத்தாலியனில் பியெகாரே, பிரெஞ்சில் ப்ளியே. இரண்டும் இன்றும் மடிக்கின்றன, வளைக்கின்றன. ஸ்பானிஷில் அதுவே யெகார், போர்ச்சுகீசில் ஷெகார், ஆனால் பொருள் வந்துசேர்தல். ருமேனியனில் ப்ளெகா. அங்கே கிளம்பிப் போதல்!

மாலுமி கரை சேர்ந்ததும் பாயை மடிப்பான், டேசியாவிலிருந்த (இன்றைய ருமேனியப் பகுதி) ரோமப் படைவீரன் புறப்படும்போது கூடாரத்தை மடிப்பான் என்று விளக்குவார்கள். கூடாரக் கதை கொஞ்சம் அழகு கூடிப்போனதாகவே எனக்குப் படுகிறது. கப்பல் பக்கம் பிடிமானம் உண்டு: கப்பலைக் கரைக்குக் கொண்டுசேர்ப்பதை இலத்தீனில் அப்ளிகாரே என்றார்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனிதத் தலங்களுக்குப் போன எகேரியா என்ற பெண்மணியும் தன் பயணக் குறிப்பில் ஓரிடத்தை நெருங்குவதற்கு ப்ளிகாரேயைத்தான் எழுதுகிறார். நமக்கு இது புரியாத விஷயமில்லை. படகில் பாயைச் சுருட்டினால் வந்தாயிற்று, திண்ணையில் பாயைச் சுருட்டினால் கிளம்பியாயிற்று.

சரி, கலைச்சொல்லுக்கு வருகிறேன். ஸ்பானிஷில் ‘அப்ளிகார்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. வேர் அதே வேர்தான், ஆனால் பிற்காலத்தில் ஏட்டு இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டது. ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் வாய்வழியே வந்த சொல்லில் ‘ப்ள’ பெரும்பாலும் தேய்ந்திருக்கும்: மழைக்கான ப்ளூவியா ஸ்பானிஷில் யுவியா, போர்ச்சுகீசில் ஷுவா. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’ ஆன மாதிரி. ‘ஒருவேர்ச்சொல்’ என்றால் இந்த இரண்டு வகையும் ஒரே சாக்கில் விழுந்துவிடும்.

அதனால் வழிவழியாக வந்ததைப் பங்காளிச்சொல் என்றும், ஏட்டிலிருந்து எடுத்ததைத் தத்துச்சொல் என்றும் சொல்லலாமே? ஒரே பாட்டன் சொத்து, இன்று முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள்; யெகாருக்கும் ப்ளெகாவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒரு ஆட்சேபம் வரும், நானே சொல்லிவிடுகிறேன். ரோமச் சட்டத்தில் ஆண்வழி உறவினர் ‘அக்னாத்தி’, இரத்த உறவினர் பொதுவாகக் ‘காக்னாத்தி’; காக்னேட் என்ற சொல்லும் இந்த இரண்டாவதின் வழி வந்ததே. கறாராகப் பார்த்தால் நம் பங்காளி முதல் வகை. ‘தாயாதி’ என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான். ‘உடன்பிறப்புச்சொல்’ என்றால் சிக்கல் இல்லை, ஆனால் சண்டையின் வாசனை போய்விடுகிறது. உங்களுக்கு எது ஒத்துவருகிறது?