பாரிக்கு 30 சென்ரிமீற்றர், ஸ்காபரோவுக்கு வெறும் தூவல்: எதை நம்புவது?

ஸ்காபரோ வாசி:
வணக்கம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருக்கிறேன். வருகிற சனிக்கிழமை வடக்கே பாரி நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் குடும்பத்துடன் போக இருக்கிறேன். கைப்பேசிச் செயலி அங்கே 30 சென்ரிமீற்றர் பனி பொழியும் என்கிறது, ஸ்காபரோவுக்கோ ஒன்றிரண்டுதான். ஒரு மணித்தியால ஓட்டத்துக்குள் இவ்வளவு வேறுபாடு உண்டா? போன மாதம் இதே செயலி எங்களுக்கு 25 என்று பயமுறுத்திவிட்டு, கடைசியில் கார்க் கண்ணாடியை மூடும் அளவுக்குக்கூடப் பொழியவில்லை.

வடக்குச் சாரதி:
வேறுபாடு உண்மையானதே. பாரியில் பொழிவது பெரும்பாலும் ஏரி விளைவுப் பனி. ஹியூரன் ஏரியின் பகுதியான, இன்னும் உறையாத ஜோர்ஜியன் குடாவின் மேல் கடுங்குளிர்க் காற்று வீசும்போது, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்று நீரைவிடக் குறைந்தது 13 பாகை குளிர்ந்திருந்தால், கீழிருந்து எழும் வெப்பமும் ஈரமும் முகிலாகத் திரண்டு, காற்றின் திசையிலேயே ஒடுங்கிய பட்டையாகக் கரையேறும். அந்தப் பட்டை பல வேளைகளில் சில பத்துக் கிலோமீற்றர் அகலம்கூட இருக்காது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரின் தென்புறத்தில் ஐந்து அடிக்கு மேல் குவிந்தபோது, அதே நகரின் வடபுறத்தில் சில அங்குலமே பொழிந்தது. ஆகவே பனி வரும் என்று சொல்வது எளிது, எந்தத் தெருவில் என்று சொல்வதுதான் கடினம். வடமேற்குக் காற்று என்றால் பாரிப் பக்கம் மாட்டிக்கொள்ளும். அது மேற்காகத் திரும்பினால் பட்டை பாரிக்கு வடக்கே உள்ள மஸ்கோகாவுக்கு ஏறிவிடும்.

முகில் நோக்கி:
போன மாதத்து ஏமாற்றம் வேறு வகையாக இருக்கலாம். ரொறன்ரோவுக்குப் பெரும்பனி கொண்டுவருவது பொதுவாகத் தெற்கிலிருந்து ஏறிவரும் தாழமுக்கங்கள். அவற்றின் பாதை சிறிது விலகினாலே கணக்கு தலைகீழாகும். 2015 ஜனவரி 26, 27ஆம் திகதிகளில் நியூயோர்க் நகருக்கு 50 முதல் 75 சென்ரிமீற்றர் வரை எதிர்பார்த்துச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். மத்திய பூங்காவில் அளந்தது 25 சென்ரிமீற்றர் மட்டுமே. ஆனால் நகருக்குக் கிழக்கே நீளும் லோங் ஐலண்ட் தீவின் கிழக்கில் 60ஐத் தாண்டியது. புயலைச் சரியாகத்தான் கணித்தார்கள், அதன் மேற்கு விளிம்பில்தான் தவறினார்கள்.

இன்னொன்று, கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது நீரின் அளவை. 20 மில்லிமீற்றர் நீர், ஈரப் பனியானால் 10 சென்ரிமீற்றராகவும், கடுங்குளிரில் விழும் பஞ்சுப் பனியானால் 40 ஆகவும் குவியலாம். செயலியோ ஒரே எண்ணைத் துணிந்து போட்டுவிடுகிறது. ஐந்து நாள் முன்னதாக வரும் அந்த எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

ஸ்காபரோ வாசி:
நன்றி. அப்படியானால் சென்ரிமீற்றரை விட்டுக் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும், சரிதானே?

வடக்குச் சாரதி:
ஆம். வெள்ளி மாலை கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் எச்சரிக்கையையும், சனி காலை ராடார் படத்தையும் பாருங்கள். 400ஆம் நெடுஞ்சாலையில் பட்டைக்குள் நுழைந்தால் முன்னே போகும் வாகனத்தின் பின்விளக்கே தெரியாது. வழியில், ரொறன்ரோவை அடுத்த வோன் நகரில் வெயில் எறிப்பதை நம்பிப் புறப்படாதீர்கள். காற்று வடமேற்கிலேயே நின்றால் அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிடுங்கள்.