புதுப்பிப்பு: அப்பாவின் வயிற்றுப்புண், காரணம் தெரிந்தது

அப்பாவுக்கு ராத்திரியில் வயிறு எரிகிறது, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "மூட்டுவலி மாத்திரை போடுகிறாரா? தாமதிக்காமல் எண்டோஸ்கோபி (குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் சோதனை) பாருங்கள்" என்று ஒரு அண்ணன் எழுதியதுதான் கைகொடுத்தது. பாலக்கோட்டிலிருந்து உடனே தர்மபுரிக்குக் கூட்டிப்போனோம். சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண். அப்பா போட்டுவந்த மூட்டுவலி மாத்திரையான டைக்லோஃபெனாக்கை நிறுத்திவிட்டார்கள்.

எதிர்பாராதது, வயிற்றில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கோடு, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், 14 நாள். வலி விட்டாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணுக்குக் காரணம் அதுவல்லவாம். அம்மாவுக்கு அதைக் கேட்டுத்தான் நிம்மதி.

இப்போது வலி இல்லை, களியும் கீரைக் கடைசலும் நன்றாகச் சாப்பிடுகிறார். கிருமி போனதா என்ற சோதனை, ஆன்டிபயாடிக் முடிந்து 4 வாரமாவது கழித்துத்தான். சோதனைக்கு முந்தைய 2 வாரம் பான்டோபிரசோலும் போடக் கூடாது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.