ஆணி சிவக்கவில்லை, கறுத்துவிட்டது. ஏன்?

முதுநகர் டியூஷன் டீச்சர்

வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒற்றை இடப்பெயர்ச்சி வினையை (ஓர் உலோகம் இன்னொன்றைக் கரைசலிலிருந்து வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பது) வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. கண்ணால் பார்க்கட்டும் என்று உரக்கடையில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட், அதாவது செம்பின் நீல உப்பு) இரும்புக்கடையில் மூன்று அங்குல ஆணிகளும் வாங்கி வந்தேன். கழுவிய ஊறுகாய் பாட்டிலில் ஆளுக்கு 50 மில்லி தண்ணீர், 1 கிராம் துத்தம், ஓர் ஆணி.

ஆணியின் மேல் செம்பழுப்பாகச் செம்பு படியும், நீலக் கரைசல் வெளிர்பச்சை ஆகும் என்று நான் முன்கூட்டியே பெருமையாகச் சொல்லியிருந்தேன். போட்ட அரை நிமிடத்தில் ஆணி கரி அப்பியது போல் கறுத்தது. பொடிப்பொடியாகக் குமிழ்கள் வேறு. அந்தக் கறுப்பு ஈரப்பஞ்சாக உப்பி, துணுக்குத் துணுக்காக அடியில் உதிர்ந்தது. மறுநாள் நீலம் வெளுத்துத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது, பச்சையைக் காணோம். "புத்தகம் பொய்யா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று: ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் ஆணி அழகாகச் சிவந்து, லேசான பச்சையும் வந்தது. அதே ஆணி, அதே துத்தம். அந்தப் பையன் வகுப்பிலேயே அதிகம் திட்டு வாங்குகிறவன். துத்தம்தான் மட்டமா?

ஆய்வக உதவியாளர் (ஓய்வு), புதுச்சேரி

அம்மா, துத்தத்தைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு, ஆணியைப் போடுவதற்கு முன் என்ன செய்தான் என்று கேளுங்கள். உப்புத்தாளால் தேய்த்திருப்பான்.

நீங்கள் வாங்கியது துத்தநாக முலாம் பூசிய ஆணி என்று நினைக்கிறேன். சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாமல் இருந்திருக்குமே? கடலோர ஊரில் சாதா ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று கடைக்காரர் நல்லெண்ணத்தில் கொடுத்திருப்பார். அதனால் உங்கள் பாட்டிலில் செம்பை வெளியேற்றியது இரும்பு அல்ல, துத்தநாகம். துத்தநாக சல்பேட் கரைசலுக்கு நிறமே கிடையாது, பச்சை எங்கிருந்து வரும்?

கறுப்பாக இருப்பதும் பெரும்பாலும் செம்புதான். துத்தநாகத்துக்கும் செம்புக்கும் இடையே திட்ட மின்னழுத்த வேறுபாடு (வினையை எவ்வளவு வலுவாக உந்துகிறது என்பதன் அளவு) 1.10 வோல்ட், இரும்புக்கும் செம்புக்கும் 0.78 தான். வினை முண்டியடித்துக்கொண்டு நடப்பதால் செம்பு ஒழுங்காகப் படியாமல் மிக நுண்ணிய துகளாகக் குவிகிறது. அவ்வளவு நுண்ணிய துகள் கண்ணுக்குக் கறுப்பாகத்தான் தெரியும். உதிர்ந்ததில் கொஞ்சம் எடுத்துக் காகிதத்தில் உலர்த்தி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். (அந்தக் கரண்டி மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. ஊறுகாய் பாட்டில்களும்தான். துத்தம் விஷம்.) குமிழ்கள் ஹைட்ரஜன், துத்தக் கரைசலில் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு.

முலாம் இல்லாத ஆணி வாங்கி, எடை போட்டும் செய்யுங்கள். ஊற வைப்பதற்கு முன்பு ஒரு முறை, பின்பு அலசி உலர்த்தி ஒரு முறை. எடை கூடுமா குறையுமா என்று பிள்ளைகளை முதலில் பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.

பண்ருட்டி விவசாயி

டீச்சர், எனக்கு வேதியியல் தெரியாது, ஆனால் இந்த வினை தெரியும். பயிரில் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரிக்கும்போது (100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு) தெளிப்பதற்கு முன் சாணை பிடித்த அரிவாளின் முனையைக் கொஞ்ச நேரம் அதில் முக்கி எடுப்போம். செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்; அப்படியே அடித்தால் இலை கருகும். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி மறுபடி முக்குவோம். அரிவாள் வெள்ளையாகவே வந்தால் அடிக்கலாம். கலவையை இரும்பு வாளியில் போடக்கூடாது என்று அப்பா சொன்னதற்கும் காரணம் இப்போதுதான் புரிகிறது.

முதுநகர் டியூஷன் டீச்சர்

ஐயா, நீங்கள் சொன்னதேதான். வீட்டில் முதல் நாள் இரவே உட்கார்ந்து, விரல் நோகத் தேய்த்தானாம். "ஆணியைச் சுத்தம் செய்யவேண்டும் என்று பாடத்தில் இருந்ததே டீச்சர்" என்கிறான். மற்ற பதினொரு பேரும், நானும், அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டோம். கடைக்காரரும் "கூரைக்கு என்று நினைத்தேன் அம்மா" என்றார்.

கறுப்புத் தூளைத் தேய்த்ததும் காகிதத்தில் செம்பு மினுங்கியது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

தெருக்கோடியில் நகை வேலை செய்கிறவர் தராசைக் கொடுத்தார். சாதா ஆணி, ஊற வைப்பதற்கு முன் 6.18 கிராம். பந்தயத்தில் பத்துப் பேர் "இரும்பு கரைகிறது, எடை குறையும்" என்றார்கள். மறுநாள் 6.20. தராசு கெட்டுவிட்டது என்று தீர்ப்பும் சொன்னார்கள்!

ஆய்வக உதவியாளர் (ஓய்வு), புதுச்சேரி

தராசு நல்ல தராசு. ஓர் இரும்பு அணு போனால் ஒரு செம்பு அணு வந்து உட்காருகிறது. 55.8 கிராம் இரும்பு இறங்கிய இடத்தில் 63.5 கிராம் செம்பு ஏறும். துத்தநாகம் 65.4, அதில் செய்தால், உதிர்ந்த தூளையும் சேர்த்து நிறுத்தாலும் எடை லேசாகக் குறையும். பந்தயத்தில் தோற்றவர்களுக்கு அதைச் சொல்லி ஆறுதல் அளியுங்கள்.

மிச்சக் கரைசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், துத்தம் மீனைக் கொல்லும். பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு, நீலம் முழுக்க வெளுக்கும்வரை விட்டுவையுங்கள். செம்பு எல்லாம் அடியில் படிந்துவிடும்.